உரத்து வாசித்தால்தான் பெட்டி திறக்கும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தாங்கள் கண்டுபிடித்தது போலச் சொல்லக்கூடாது. அந்த எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு மெல்பேர்னில் நான் உண்டாக்கியவை இவை. ஸ்பிரிங்வேலில் ஆறு இயந்திரம் பூட்டிய உடுப்புத் தோய்க்கும் கடை. கிளென் வேவர்லியில், நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் ஒரு வீடு. எல்லைக்கோடு எங்கள் வேலியோடு போகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. அந்த வீட்டின் பின்வளவில் நானே சீமெந்து குழைத்துப் போட்ட நடைபாதை, இன்றுவரை ஒரு வெடிப்பு இல்லை. மருந்தாளராக வேலை பார்க்கும் ஒரு மகள். பெற்றது மனைவி என்றாலும் பள்ளிக்கூட எல்லைக்குள் கொண்டுவந்து விட்டது நான். கடைசியாக, வெள்ளைக்காரருக்கு வெயில் விற்ற கடை ஒன்று.

கடைசியில் சொன்னதை ஆட்கள் நம்புவதில்லை. நம்பாதவர்கள் மேற்கொண்டு வாசிக்கலாம்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு துண்டுப் பிரசுரம். எங்கள் குடும்ப டொக்டரின் காத்திருப்பு அறையில், பிரஷர் பார்க்க முறை வரும்வரை இருந்தபோது கையில் எடுத்தேன். முன்பக்கத்தில் ஒரு பெண்ணின் படம். செம்பட்டைத் தலைமயிர், முகமெல்லாம் புள்ளி. அந்த முகத்தை எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தேன், இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். தோல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்ததால் தான் உயிரோடு இருப்பதாக அந்தப் பெண் எழுதியிருந்தாள். தாயின் கூர்மையான கண்ணுக்கு நன்றி. வெட்டி எடுத்த டொக்டருக்கு நன்றி. கட்டுப் போட்ட தாதிக்கு நன்றி. வெயில் பெட்டிகளைத் தடைசெய்த அரசாங்கத்துக்கு நன்றி. மூன்றாம் முறை நானே விரல் வைத்து மெதுவாக வாசித்தேன். நான் எங்கேயும் இல்லை.

என்ன நடந்தது என்பதை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன்.

என் உடுப்புத் தோய்க்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு கிரேக்கக் கிழவர் சொலாரியம் வைத்திருந்தார். மனிதர் படுக்கும் அளவில் நாலு பெட்டிகள், உள்ளே நீளநீளமாக விளக்குக் குழாய்கள். ஆட்கள் உள்ளே படுத்து மூடியை இழுத்துவிட்டால் ஊதா வெளிச்சம் எரியும், சில நாள் அப்படிப் படுத்து எழும்பினால் தோல் கறுக்கும். அவர்கள் உடம்பு துடைத்த துவாய்களை நான்தான் தோய்த்துக் கொடுத்தேன். பல வருடம் வெள்ளைக்காரரின் துவாய்களைத் தோய்த்தவனுக்கு அவர்களுடைய தோலைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எந்தத் துவாயில் எண்ணெய், எந்தத் துவாயில் உரிந்த தோல் என்று பார்த்த உடனே சொல்வேன். கிழவருக்கு நாரிப்பிடிப்பு வந்து இடுப்பு குனியவிடவில்லை. வெயில் சும்மா கிடைக்கிற குயின்ஸ்லாந்துக்குப் போய்விட முடிவு செய்தார். கடையை யாருக்குக் கொடுப்பது என்று தேடியபோது, குழாய் மாற்றவும் தெரிந்து துவாய் தோய்க்கவும் தெரிந்த ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றான். அப்படி அது என் கையில் வந்தது.

மனைவிக்குச் செய்தியைச் சொன்னபோது குசினியில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது.

"எங்கட பெட்டையள் வெள்ளையாகிறதுக்குக் கிறீம் பூசித் திரியுதுகள். இதுகள் கறுக்கிறதுக்கு வரிசையில நிக்குதுகள். கடவுள் எங்கயோ பார்சலை மாத்திப் போட்டார், என்னப்பா."

கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் ஆட்களுக்குப் பகிடி. வெயில் இப்போது என்ன விலை, மொத்தமாக எடுத்தால் குறைப்பீர்களா என்று கேட்பார்கள். உமக்கு ஏற்கனவே முழுதாக ஏற்றிக் கிடக்கிறது தம்பி, இனி ஏற்றினால் வழிந்து போகும் என்பேன். கடைக்கு வரும் வெள்ளைக்காரர் அப்படிப் பகிடி விடமாட்டார்கள். அவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். ஒருத்தர் என் கையைப் பார்த்துவிட்டு, நான் எந்தப் பெட்டியில் படுக்கிறேன் என்று மெதுவாகக் கேட்டார். என்னுடைய பெட்டி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, அதற்கு மூடி இல்லை என்றேன். அவர் அது புது மொடல் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

பிறகுதான் சட்டம் வந்தது.

அதுவரை யாரும் வரலாம், எவ்வளவு நேரமும் படுக்கலாம். இனி அப்படி இல்லை. கடைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நடத்துபவர் படித்துச் சோதனை பாஸ்பண்ண வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை உள்ளே விடக்கூடாது. கண்ணுக்கு மூடி கொடுக்க வேண்டும். தோலை வெளுப்பிலிருந்து கறுப்புவரை ஆறு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஒருபோதும் கறுக்காமல் எரிந்து சிவக்கிற முதலாம் வகைக்காரரைப் பெட்டிக்குக் கிட்டவும் விடக்கூடாது. இதெல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியில் படுப்பது தோல் புற்றுநோய் தரும் என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும், ஒரு படிவத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். தன் கடைக்கு வருகிறவனிடம் தன் சரக்கு ஆளைக் கொல்லும் என்று தானே சொல்ல வேண்டிய வியாபாரம் வேறு எது இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சிகரட்டுக்காரன் ஒருவன்தான் எனக்குத் துணை.

பாடப் புத்தகத்தை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான் உடுப்பு மடித்துக்கொண்டே கேட்டு, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். சோதனையில் முதல் முறையே பாஸ். படித்த ஆட்கள் இரண்டு பேர் அன்று பெயில், அவர்களுடைய மரியாதைக்காக இதற்கு மேல் சொல்லவில்லை. சோதனை வைத்த அம்மா கடைசியில் என் தோல் எந்த வகை என்று என்னிடமே கேட்டார். ஆறு என்றேன். இல்லை, ஐந்து என்றார். வாதாடினேன். பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குப் போகாதவனுக்கு இதிலாவது மேல் வகுப்புக் கிடைக்கட்டும் என்று கேட்டும் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு ஐந்தோடு நிறுத்திவிட்டார்.

இனி வருவதுதான் முக்கியம். வாடிக்கையாளர் எச்சரிக்கையை வாசித்து விளங்கிக்கொண்டார் என்பதை நடத்துபவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததாக மகள் சொன்னாள். நான் உடுப்பு மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஒருத்தர் வாசித்தார் என்பதை இன்னொருத்தர் எப்படி உறுதிப்படுத்துவது? எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரே வழிதான். எழும்பி நின்று, எல்லாருக்கும் கேட்க வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்ததாகச் சொன்னவனை எந்த வாத்தியாரும் நம்பியதில்லை, நானும் அப்படிச் சொல்லி அடி வாங்கியவன். ஆகவே அரசாங்கம் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். அரசாங்கமும் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துத்தானே வந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து என் கடையில் அதுதான் ஒழுங்கு. இரண்டு கடைக்கும் மேசை ஒன்றுதான், அது தோய்க்கும் கடைப் பக்கம். வருகிறவர் அந்த மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். படிவத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எனக்குக் கேட்க வாசிக்க வேண்டும். பக்கத்தில் காயவைக்கும் இயந்திரங்கள் சுழன்று இரைந்துகொண்டிருக்கும், ஆகவே உரத்து வாசிக்க வேண்டும். மெல்ல வாசித்தால் நான் காதில் கையை வைப்பேன்.

எத்தனை விதமான வாசிப்பு. சிலர் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல வாசிப்பார்கள். சிலர் சிரித்துச் சிரித்துத் தொடங்கி மூன்றாம் வரியில் சிரிப்பை விட்டுவிடுவார்கள். லொறி ஓட்டுகிற பெரிய உடம்புக்காரர் ஒருத்தர் பாதியில் நிறுத்தி, காரைப் பூட்ட மறந்துவிட்டேன் என்று சொல்லிப் போனவர்தான், இன்னும் பூட்டிக்கொண்டிருக்கிறார். தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்டால் அது வேறு, பாருங்கள். சுவரில் இருக்கும்போது அது யாருக்கோ எழுதியது.

மனைவிக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. "ஆக்களைத் துரத்திறதுக்கெண்டே கடை நடத்திறியள்" என்றார். முதலில் தோலின் வகையைப் பாருங்கள், முதலாம் வகைக்காரரை உடனே திருப்பி அனுப்புங்கள், அவர்கள் வாசிக்கிற நேரமாவது மிச்சம் என்று ஒரு யோசனையும் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருத்தரின் தோலை வகைபிரிக்க வேண்டுமென்றால் கழுத்தையும் முழங்கையையும் உற்றுப் பார்க்க வேண்டும். வந்த பெண்பிள்ளையை ஒரு கிழவன் அப்படி உற்றுப் பார்த்தால் அது நல்லாயிருக்காது. வாசிக்கும்போது அவர்களுடைய கண் தாளில் இருக்கும். அந்த நேரத்துக்குள் நான் மரியாதையாகப் பார்த்து முடித்துவிடுவேன். ஆகவே எந்தத் தோலாக இருந்தாலும் முதலில் வாசிப்பு. இந்த ஒழுங்கை ஞாபகம் வைத்திருங்கள்.

ஒருநாள் சுகாதாரப் பகுதியிலிருந்து பரிசோதகர் வந்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளந்தாரி. அவர் வந்த நேரம் ஒரு பெண் மேசைக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பரிசோதகர் கதவடியில் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு இது என்ன என்று கேட்டார். சட்டம் என்றேன். அவர் தன் புத்தகத்தை எடுத்துத் தாள் தாளாகப் புரட்டினார். உரத்து வாசிக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லையே என்றார்.

இத்தனை மாதமும் இல்லாத சட்டத்தை நடத்தியிருக்கிறேன். ஆனால் விடுகிற ஆளா நான்?

"மனதுக்குள் வாசிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் திரும்பவும் புரட்டினார். அதுவும் இல்லை. பிறகு தன் தாளில் சரி போட்டுவிட்டு, நான் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனார். வீட்டில் மனைவி, இப்ப சட்டம் இல்லையெண்டு தெரிஞ்சுபோச்சுதானே, இனி விடலாம்தானே என்று கேட்டார். பரிசோதகர் சரி போட்டதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்தவள்தான் அந்தப் பிரசுரத்துப் பெண்.

ஒரு சனிக்கிழமை காலை, தாயோடு வந்தாள். இரண்டு கிழமையில் கலியாணம். கலியாண உடுப்புக்கு முதுகுப் பக்கம் துணியே இல்லை. அதனால் முதுகு கறுக்க வேண்டும். வாசலில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, முதலாம் வகை. பால் நிறம், செம்பட்டை மயிர், புள்ளிகள். அப்படிப்பட்டவளை உடனே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான். படிவத்தைக் கையில் கொடுத்தேன். தாய் கதிரையில் இருந்து மகசின் புரட்டத் தொடங்கினார்.

பெண் கசப்பு மருந்து விழுங்குவது போல ஒரே மூச்சில் வாசித்தாள். நான் காதில் கையை வைத்தேன். சத்தத்தைக் கூட்டினாள், கோபத்தையும் கூட்டினாள். நிறமோ வடிவமோ மாறிவரும் மச்சம் இருந்தால் முதலில் டொக்டரிடம் காட்டவும் என்ற வரி வந்தது. அதையும் அதே வேகத்தில் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

தாய் மகசினைக் கீழே வைத்தார்.

"அதைத் திரும்ப வாசி."

"அம்மா, பேசாமல் இரு."

"உன் தோளுக்குக் கீழே இருப்பது. உடுப்புக்கு அளவெடுத்தபோது பார்த்தேன். அது முந்தி இப்படி இல்லை."

கலியாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள் மகள். தாய் எழும்பி வந்து மகளின் பக்கத்தில் நின்றார். அந்தப் பெண்ணின் கலியாணமா முதுகா என்று இரண்டும் என் மேசைமேல் கிடந்தன. எனக்கும் அதில் ஒரு வார்த்தை இருந்தது, சொன்னேன். மச்சம் உங்கள் குடும்ப விஷயம், ஆனால் நீங்கள் முதலாம் வகை, என் கடையில் உங்களுக்குப் பெட்டி திறக்காது என்றேன்.

அவள் வெடித்தாள். முந்திய முதலாளி தன்னை எத்தனையோ முறை விட்டவர் என்றாள். அவிச்ச முட்டை மாதிரிக் கலியாணப் படத்தில் நிற்பது என்னவென்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எங்கள் ஆட்கள் கலியாணப் பொம்பிளைக்கு முகமெல்லாம் வெள்ளை பூசி, கழுத்துக்குக் கீழே மறந்துபோய் விடுவார்கள், உங்கள் கவலைக்கு நேர் எதிர்க் கவலை எங்களிடம் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னேன். அது உதவவில்லை. கையில் இருந்த என் பேனாவை எறிந்தாள். அது பறந்துபோய் இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்தது. தாய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், மகளின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். காருக்குள்ளே இருவரும் வாக்குவாதப்படுவது கண்ணாடியால் தெரிந்தது. பிறகு கார் போய்விட்டது.

அவளைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் தெரிய வரவில்லை. சில காலத்தில் அரசாங்கம், எச்சரிக்கை போதாது, கடைகளே வேண்டாம் என்று முழுவதுமாகத் தடைசெய்தது. மற்றக் கடைக்காரர்கள் கத்தினார்கள். நான் கத்தவில்லை. உரத்து வாசிக்க வைத்ததால் என் கடை ஏற்கனவே பாதி மூடியிருந்தது. மிச்சத்தை அரசாங்கம் மூடியது. அதாவது அரசாங்கத்துக்கு முன்னால் தொடங்கியவன் நான். லொறி வந்து நாலு பெட்டியையும் ஏற்றிப்போனது. இயந்திரங்களை இடம்விட்டு அரக்கித் துப்புரவாக்கியபோது அந்தப் பேனாவும் கிடைத்தது. எழுதியது.

பிரசுரத்தின் பின்பக்கத்தில், அந்தப் பெண் நகரசபை மண்டபத்தில் பேச வருவதாகப் போட்டிருந்தது. நான் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு மனைவியோடு போனேன். மூன்றாம் வரிசை. அவள் பேசினாள். கலியாணத்துக்கு முன்னரே மச்சத்தை வெட்டி எடுத்தார்களாம், உடுப்புக்கு அவசரமாக முதுகுத் துணி வைத்துத் தைத்தார்களாம், இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் தான் இன்று இங்கே நிற்கமாட்டேன் என்று டொக்டர் சொன்னாராம். அவளுடைய இரண்டு பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தன. பிறகு நன்றிகள் வந்தன. தாய், டொக்டர், தாதி, அரசாங்கம். அதே ஒழுங்கு. நான் கையை உயர்த்தினேன். ஒரு தொண்டர் ஓடிவந்து, தேநீர், கூட்டம் முடிந்த பிறகுதான் அங்கிள் என்றாள். மனைவி என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"மானம் போகுது, இருங்கோ."

தேநீர் நேரத்தில் நானே போய் அவளுக்கு முன்னால் நின்றேன். காதில் கையை வைத்தேன், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே நின்றாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. அதுதான் முதலாம் வகை, ஒன்றையும் ஒளிக்க முடியாது.

"நீங்கள் அந்தத் துவாய்க்காரர்" என்றாள்.

பிறகு என் இரண்டு கையையும் பிடித்தாள். தன்னை வாசிக்க வைத்ததையும் தான் பேனாவை எறிந்ததையும் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லையாம். வெட்கம். அதனால்தான் எழுதும்போது என்னை விட்டுவிட்டாளாம். தாய் பார்த்தார் என்று எழுதினால் போதும் என்று நினைத்தாளாம்.

"உங்கள் அம்மா அதை அளவெடுத்த அன்றே பார்த்தவர்" என்றேன். "என் கடையில்தான் அந்த வரியைக் காதால் கேட்டார். கேட்டதால்தான் கார் டொக்டரிடம் போனது."

அவள் தலையை ஆட்டினாள். அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்துவதாகச் சொல்லி, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துப் பிரசுரத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அந்தப் பேனாவை எறியவில்லை. மனைவி வரும் வழியில், இப்ப திருப்திதானே என்று கேட்டார். அச்சில் வரட்டும் என்றேன்.

அது நடந்து ஒரு குளிர்காலமும் போய்விட்டது. போன கிழமை டொக்டரின் அறையில் பார்த்தேன், இன்னும் பழைய பிரசுரம்தான் கிடக்கிறது. ஆகவே அதை அச்சடிக்கிறவர்களுக்கு இதை எழுத்தில் தருகிறேன். எனக்குப் படம் வேண்டாம், மாலை வேண்டாம். தாயின் வரியை வெட்ட வேண்டாம், டொக்டரின் வரியும் அரசாங்கத்தின் வரியும் இருக்கட்டும். ஆனால் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு கடைக்காரன், சட்டம் கேட்டதற்கும் மேலாகச் சட்டத்தை நடத்தி, அவளை எழும்பி நின்று உரத்து வாசிக்க வைத்தான் என்று ஒரு வரி வேண்டும். அது தாயின் வரிக்கு முன்னால் வரவேண்டும், ஏனென்றால் நடந்ததும் அந்த ஒழுங்கில்தான். அச்சடித்த பிறகு ஒரு பிரதியை ஸ்பிரிங்வேல் கடைக்குக் கொண்டுவந்து, மேசைக்கு முன்னால் நின்று, எனக்குக் கேட்க வாசித்துக் காட்டுங்கள். இயந்திரங்கள் இப்போதும் ஓடுகின்றன. உரத்து வாசிக்க வேண்டும்.